மூடுபனி குடிக்கிற லைக்கன்: நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

அமெரிக்காவுல அழிஞ்சிட்டு வர்ற உயிரினங்களைக் காப்பாத்த 1973ல போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு. அந்தப் பட்டியல்ல கரடி, கழுகு, திமிங்கலம், ஆர்க்கிட்னு எக்கச்சக்கமா இருக்கு, ஆனா லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேந்து ஒரே உடம்பா வாழுற உயிர், மொத்தமே ரெண்டுதான். ஒண்ணு ஃப்ளோரிடா மணல் புதர்க்காட்டுல கிடக்குற கிளாடோனியா பெர்ஃபொராட்டா, 1993ல சேத்தாங்க. இன்னொண்ணு 1995 ஜனவரியில சேந்த ராக் நோம் லைக்கன். அது நான் இருக்குற நார்த் கரோலினா மலைங்கள்லயும் அதை ஒட்டின டென்னஸி மாதிரி சில மாநிலங்கள்லயும்தான் இருக்கு, தெற்கு அப்பலாச்சியனைத் தாண்டி உலகத்துல வேற எங்கயும் கிடையாது.

எனக்கு லைக்கன் பைத்தியம் புடிச்சு கொஞ்ச வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் கண்ணுல பட்டதையெல்லாம் ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தேன், பேர் தெரியாம ஃபோன் ரொம்பிப் போச்சு. இந்த சீசன் முழுக்க ராக் நோம்ங்கற இந்த ஒரே ஒரு ஆளைப் பத்தி மட்டும் படிச்சு, அது வாழுற இடங்களைப் பாத்து, அப்பப்போ இங்க எழுதி வைக்கலாம்னு இருக்கேன். நேர்ல பாப்பேனாங்கறது வேற விஷயம்.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "ஏன்டி, கல்பாசி நம்ம காரைக்குடி கடையிலயே கிடைக்குமே, அதுக்கா மலை ஏறுற"ன்னாங்க. தப்பு சொல்ல முடியாது, கறிக்குழம்புல போடுற கல்பாசியும் லைக்கன்தான். ஆனா நான் தேடுறதை நேஷனல் பார்க்ல கிள்ளினா கேஸ் ஆயிடும்மான்னேன். "அப்போ எதுக்குடி அது"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டாங்க.

மே 11, ஞாயிறு

மொதல்ல ஆளை அடையாளம் தெரியணும். ஆபத்தான இடத்துல நின்னுக்கிட்டு புத்தகத்தைப் புரட்ட முடியாது, அதனால மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கேன்.

பாறையில ஒட்டிக் கிடக்குற சின்னச் சின்ன பட்டைங்க, நீளம் 1 செ.மீ.ல இருந்து 2 செ.மீ. வரைக்கும், நுனிகிட்ட அகலம் வெறும் 1 மி.மீ. மேல்பக்கம் நீலம் கலந்த சாம்பல், அடிப்பக்கம் பளபளன்னு வெள்ளை. பட்டை பாறையோட படுத்தாப்ல வந்து நுனியில மட்டும் நிமிந்துக்கும், சிலது நேரா வெளிய நீட்டிட்டு நிக்கும். பட்டை கீழ போகப் போகக் குறுகி, அடியில கருப்பா முடியும். அந்தக் கருப்பு அடிதான் முக்கியம். கிளாடோனியா வகைங்க இதே குடும்பம்தான், சிலதோட செதிலு இதே மாதிரி நீண்டு ஏமாத்தும், ஆனா அதுங்களுக்கு அடி கருக்காது. இன்னொரு அடையாளம் வித்து உண்டாக்குற குமிழ்கள், 1 மி.மீ.க்கும் கம்மியான சைஸ்ல பட்டை நுனியில உக்காந்திருக்கும், ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் பாக்கலாம். கிளாடோனியாவுக்கு அது பழுப்பு இல்ல சிவப்பு, இதுக்கு கருப்பு.

பேர் விஷயம் கொஞ்சம் குழப்பம். 1947ல அலெக்சாண்டர் எவன்ஸ் இதை கிளாடோனியா லினியாரிஸ்னு எழுதினார். 1968ல யோஷிமுராவும் ஷார்ப்பும் இது கிளாடோனியாவே இல்லன்னு ஜிம்னோடெர்மாவுக்கு மாத்தினாங்க. 2002ல வெய், ஆட்டி ரெண்டு பேரும் அதுவும் சரிப்படலன்னு இதுக்குன்னே தனியா செட்ரடோனியான்னு ஒரு பேரினம் போட்டாங்க, அதுல இருக்குறது இந்த ஒரே இனம்தான். அரசாங்கப் பேப்பர்ல பழைய ஜிம்னோடெர்மா பேரைத்தான் ரொம்ப நாள் வெச்சிருந்தாங்க, அதனால எதைத் தேடினாலும் ரெண்டு பேர்லயும் தேட வேண்டியிருக்கு.

மே 24, சனி

கிராண்ட்ஃபாதர் மவுண்டன் போனோம். மவுண்ட் மிட்சல் போகணும்னுதான் ஆசை, ஆனா போன செப்டம்பர் ஹெலீன் புயல் மேற்கு நார்த் கரோலினாவையே புரட்டிப் போட்டதுல அந்த பார்க் இன்னும் திறக்கல, ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயும் பல இடத்துல மூடித்தான் கிடக்கு.

கீழ கிளம்பும்போது நல்ல வெயில். மேல 5,000 அடி தாண்டினதும் ஜாக்கெட் மேல எல்லாம் பொடிப் பொடியா தண்ணி. மழை பெய்யல, மேகத்துக்குள்ள நிக்கிறோம், அவ்ளோதான். பையன் தொங்குபாலத்துல நின்னுட்டு "ஒண்ணுமே தெரியல, டிக்கெட் காசு வேஸ்ட்டும்மா"ன்னான். எனக்கு அதுதான் வேணும்.

ஏன்னா லைக்கனுக்கு வேர் கிடையாது. பூஞ்சையும் பாசியும் சேந்து வாழுற உடம்பு அது, பூஞ்சை வீடு கட்டுது, உள்ள இருக்குற பாசி வெளிச்சத்துல சமைக்குது. சைமன் ஷ்வெண்டனர்ங்கற ஸ்விஸ் தாவரவியல்காரர் 1867ல இது ரெண்டு உயிர்னு மொத மொத சொன்னப்ப அப்போ இருந்த பெரிய லைக்கன் நிபுணர்ங்களே அவரைக் கிண்டல் பண்ணாங்க. இந்தக் கூட்டணிக்கு தண்ணியை உள்ள இழுக்க குழாயும் கிடையாது, உள்ள புடிச்சு வெக்க மூடியும் கிடையாது. காத்துல ஈரம் இருந்தா உயிரோட வேலை செய்யும், ஈரம் போச்சுன்னா அப்படியே காஞ்சு, மூச்சைக் கூட கிட்டத்தட்ட நிறுத்திட்டு படுத்துக்கும். இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு, உள்ள பச்சைப்பாசி இருக்குற லைக்கன்ங்க சொட்டுத் தண்ணி மேல படாமலே வெறும் காத்து ஈரத்துலயே எழுந்து ஒளிச்சேர்க்கை பண்ண ஆரம்பிச்சிடும், நீலப்பச்சை வகையை வெச்சிருக்குற லைக்கனுக்கு அது முடியாது, அதுக்கு நிஜமான தண்ணி படணும். ராக் நோம் பச்சைப்பாசி கட்சி. மேகம் வந்து பாறையில உரசிட்டுப் போனாலே அதுக்கு சாப்பாடு ஆரம்பிச்சிடுது.

இன்னிக்கி பாத்ததெல்லாம் சாதாரண ஆளுங்கதான், தோல் மாதிரி தொங்குற ராக் ட்ரைப், பாறை மேல மஞ்சளும் கருப்புமா கட்டம் போட்ட வரைபட லைக்கன். ராக் நோமைத் தேடவே இல்ல, ட்ரெயிலை விட்டு இறங்கக் கூடாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் போனேன்.

சம்பந்தமில்லாம ஒண்ணு. 1794 ஆகஸ்ட்ல பிரெஞ்சு தாவரவியல்காரர் ஆந்த்ரே மிஷோ இந்த மலை உச்சியில ஏறி, வட அமெரிக்காவுலயே உயரமான இடத்துக்கு வந்துட்டோம்னு நெனச்சு பிரெஞ்சுப் புரட்சிப் பாட்டான மார்செய்யேஸைப் பாடினாராம். உண்மையில இது 1,812 மீட்டர்தான், பக்கத்துலயே மவுண்ட் மிட்சல் 2,037 மீட்டர். மேகத்துல நின்னா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

ஜூன் 7, சனி

ஸ்மோக்கி மலையில குவோஹி உச்சிக்குப் போய்ட்டு வந்தோம். போன வருஷம் செப்டம்பர் வரைக்கும் கிளிங்மன்ஸ் டோம்னு பேரு, இந்த மண்ணோட பூர்வகுடியான செரோக்கி மக்கள் கேட்டு பழைய பேரையே திருப்பி வாங்கிட்டாங்க. 2,025 மீட்டர்.

அங்க ஏறிப் பாத்தா வெள்ளையா, கிளையெல்லாம் ஒடைஞ்சு, எலும்பா நிக்கிற மரங்க கண்ணுல படாம இருக்காது. அது எல்லாம் ஃப்ரேசர் ஃபர். இந்த மரமும் நம்ம லைக்கன் மாதிரியே தெற்கு அப்பலாச்சியன் உச்சிங்களைத் தவிர உலகத்துல எங்கயும் இயற்கையா வளராது. வேடிக்கை என்னன்னா இதையேதான் கிறிஸ்துமஸ் மரமா நார்த் கரோலினா பண்ணைங்கள்ல வரிசை வரிசையா வளத்து நாடு பூரா விக்கிறாங்க. பண்ணையில செழிப்பு, சொந்த ஊர்ல சாவு.

கொன்னது ஒரு பூச்சி. பால்சம் வூலி அடெல்ஜிட்னு பேரு, உடம்பு 1 மி.மீ. கூட இல்ல, மேல வெள்ளையா பஞ்சு போத்திட்டு மரப்பட்டையில உக்காந்துக்கும், இந்த ஊர்ல இருக்குறது எல்லாமே பொம்பளைதான், ஆம்பளையே தேவையில்லாம முட்டை போட்டுட்டே போகும். ஐரோப்பாவுல இருந்து 1900 வாக்குல வடகிழக்கு அமெரிக்காவுக்கு வந்து சேந்துச்சு. ஐரோப்பிய ஃபர் மரத்துக்கு இது பழகின தொந்தரவு, பெருசா ஒண்ணும் ஆகாது. 1957ல இந்தப் பக்கம் மவுண்ட் மிட்சல்ல கண்டுபிடிச்சாங்க, 1963ல ஸ்மோக்கிக்கும் வந்துடுச்சு. பூச்சி பட்டைக்குள்ள ஊசி மாதிரி வாயை விட்டு உறிஞ்சும்போது அதோட எச்சிலுக்கு மரம் வினோதமா பதில் சொல்லுது, சிவப்பா கெட்டியா ஒரு மரக்கட்டையை உள்ள வளத்துக்குது, அந்தக் கட்டை வழியா தண்ணி சரியா ஏறாது. பூச்சி குடிக்கிற சாறு கொஞ்சம்தான். மரம் தன்னோட குழாயைத் தானே அடைச்சுக்கிட்டு, கொஞ்ச வருஷத்துல தாகத்துலதான் சாகுது.

சரி லைக்கன் எங்க வந்துச்சு இதுலன்னா, ராக் நோம் இருக்குறது ஃபர் மரத்து மேல இல்ல, மரத்துக்குக் கீழ இருக்குற பாறையில. பூச்சி இதைத் தொடுறதே இல்ல. ஆனா மரம் செத்துட்டா நிழல் போச்சு, பாறை மேல நேரா வெயில் அடிக்குது, காத்து தடுப்பே இல்லாம வீசுது, மேல மண்ணுல தங்கி மெல்ல மெல்ல கசிஞ்சிட்டு இருந்த தண்ணி வேகமா காஞ்சிடுது. இந்த லைக்கனுக்கு வெளிச்சம் வேணும், ஆனா சுள்ளுன்னு அடிக்கிற வெயில் ஆகாது. வடக்கு பாத்த பாறைன்னா திறந்த இடத்துலயும் சமாளிச்சிடும், தெற்கோ மேற்கோ பாத்த பாறையா இருந்தா மேல கொஞ்சமாவது மரக்கூரை இருந்தே ஆகணும். அந்தக் கூரையைத்தான் பூச்சி பிரிச்சுப் போட்டுச்சு.

இதே கூரைக்குக் கீழ இன்னொரு வாடகைக்காரர் இருக்கார், ஸ்ப்ரூஸ் ஃபர் மாஸ் ஸ்பைடர், டாரன்டுலாவுக்குத் தூரத்து சொந்தம், ஆனா வளந்த சைஸே சில மி.மீ.தான், பாறை மேல இருக்குற ஈரப்பாசிக்கு அடியில குழல் மாதிரி வலை கட்டி வாழுது. லைக்கனைச் சேத்து ரெண்டே மூணு வாரத்துல, 1995 பிப்ரவரியில, அதையும் பட்டியல்ல சேத்துட்டாங்க. காரணமும் அதே காரணம்.

செத்த மரங்களுக்கு நடுவுல ஃபர் கன்னு நெருக்கமா முளைச்சிருக்கு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. இளம் மரத்துப் பட்டை வழுவழுன்னு இருக்குறதால பூச்சிக்கு ஒதுங்க இடம் கம்மி, பெருசாகி பட்டை வெடிக்க ஆரம்பிச்சதும் வந்து ஏறிக்கும். அதனால அங்க காடு இருக்கு, ஆனா கிழட்டு மரம் கம்மி. பண்ணையில மருந்து அடிச்சு சமாளிக்கிறாங்க, இம்புட்டு பெரிய மலைக்கு யார் அடிக்கிறது.

ஜூன் 19, வியாழன்

லீவு. வீட்டுலயே இருந்து காத்து மாசு பத்திப் படிச்சேன்.

லைக்கனுக்கு மூடி இல்லன்னு அன்னிக்கி எழுதினேன்ல, அதோட மறுபக்கம் இது. காத்துல என்ன வந்தாலும் உள்ள போயிடும். 1866லயே நைலாண்டர்ங்கறவர் பாரிஸ் லக்சம்பர்க் தோட்டத்துல இருக்குற லைக்கன்ங்களை வெச்சு ஊர்க் காத்து எவ்ளோ சுத்தம்னு சொல்லலாம்னு எழுதிட்டார். 1980கள்ல மவுண்ட் மிட்சல் உச்சியில அமில மூடுபனி பெரிய பேச்சா இருந்துச்சு, நிலக்கரி எரிக்கிற பவர் பிளான்ட்டுங்க விடுற கந்தகமும் நைட்ரஜனும் மேகத்துல கரைஞ்சு வந்து மலையை நனைச்சிட்டு இருந்துச்சு. மழையை விட மூடுபனியில அமிலம் செறிவு ஜாஸ்தி. மேகம் உரசினா சாப்பாடுன்னு வாழுற ஆளுக்கு அந்த சாப்பாடே புளிச்சுப் போயிருந்தா எப்படி இருக்கும்.

1990ல நாடு முழுக்க காத்து சட்டத்தைத் திருத்தினாங்க, 2002ல நார்த் கரோலினா தன் பங்குக்கு புகைபோக்கி சட்டம் ஒண்ணு போட்டுச்சு, கந்தகம் நெஜமாவே குறைஞ்சது. சட்டம் போட்டு வேலை நடந்த விஷயம் இது ஒண்ணு. இதைச் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, எல்லாருக்கும் சோகக்கதைதான் வேணும்.

ஜூலை 5, சனி

நேத்து ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம், மலைப் பக்கம் பார்க்கிங் கிடைக்காதுன்னு போகல.

கூட வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி, நல்லா ஹைக்கிங் போறவ, "அக்கா அது எங்க இருக்குன்னு மேப் பின் அனுப்புங்க, நானும் பாக்குறேன்"னா. என்கிட்டயும் பின் கிடையாது, இருந்தாலும் தர மாட்டேன்னு சொல்லிட்டேன். அவளுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கிடுச்சு.

ஆனா காரணம் இருக்கு. 1995ல பட்டியல்ல சேத்தப்ப மிச்சம் இருந்தது 32 இடம். அதுல 7 இடத்துலதான் லைக்கன் மொத்தமா பரவியிருந்த பரப்பு 2 சதுர மீட்டரைத் தாண்டுச்சு. பாக்கியில பெரும்பாலானது ஒரு மீட்டருக்குள்ள. அப்புறம் தேடத் தேட இன்னும் கொஞ்சம் இடம் கிடைச்சுது, ஜார்ஜியாவுலயும் சவுத் கரோலினாவுலயும் கூட, ஆனாலும் ஒவ்வொண்ணும் சின்ன சின்ன திட்டுதான். பெரும்பாலான இடத்துல மொத்த ஜனத்தொகையும் எங்க வீட்டு டைனிங் டேபிள் அளவு கூட இல்ல. அங்க ஒரு ஆள் பாறையில கைய வெச்சு ஏறினா, ஒரு ஷூ வழுக்கி உரசினா, அந்த இடமே முடிஞ்சுது. இது இருக்குற பாறையெல்லாம் காட்சி நல்லா தெரியுற பாறையா வேற இருந்து தொலைக்குது, மனுஷன் போய் நிக்கணும்னு ஆசைப்படுற அதே விளிம்பு. சட்டத்துல சேத்த காரணப் பட்டியல்லயே ஹைக்கர்ங்களும் பாறை ஏறுறவங்களும் சும்மா வேடிக்கை பாக்க வர்றவங்களும் மிதிக்கிறதைத் தனியா எழுதியிருக்காங்க. மாதிரி எடுக்குறேன்னு சுரண்டுற ஆராய்ச்சிக்காரங்களையும் சேத்துத்தான்.

எனக்கும் இதுல ஒரு உறுத்தல் இருக்கு. நான் எழுதுறதைப் படிச்சு நாலு பேருக்கு ஆசை வந்தா அது இந்த லைக்கனுக்கு நல்லதா? புலியைப் பாக்க பத்து பேர் ஜீப்ல போனா புலி எழுந்து போயிடும். இது போகாது. அதனால இங்க நான் எழுதுற இடம் எதுவும் எல்லாருக்கும் தெரிஞ்ச உச்சியாத்தான் இருக்கும், அதுல எந்தப் பாறைன்னு வராது.

ஜூலை 26, சனி

மழை. வெளிய போகல.

2018ல அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பாட்டனில வந்த ஒரு ஆய்வு, ஜெசிகா ஆலனும் கூட்டாளிங்களும் பண்ணது, இந்த லைக்கனோட மொத்த மரபணுத் தொகுதியையும் பாத்திருக்காங்க. புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ரெண்டு இடம் எவ்ளோ தள்ளி இருக்கோ மரபணுவும் அவ்ளோ தள்ளிப் போயிருக்கு, ஒரு மலையில இருக்குறது அடுத்த மலையில இருக்குறதோட பெருசா கலக்குறதில்ல. இது பெரும்பாலும் தன்னைத் தானே பரப்பிக்கிட்டு, ஒரே ஆளோட நகலா பாறையில விரியுது. கருப்புக் குமிழ்ல இருந்து வித்து பறக்குறது இருக்கத்தான் செய்யுது, ஆனா அந்த வித்து வெறும் பூஞ்சைதான், போய் விழுற இடத்துல சரியான பாசி கிடைக்கணும், ஈரம் கிடைக்கணும், பாறை சரியான பக்கம் பாத்திருக்கணும், எல்லாம் சேந்தாத்தான் குடித்தனம்.

அதனாலதான் எண்ணிக்கையே தலைவலி. எது ஒரு ஆள்? பத்து செ.மீ. திட்டு ஒரே ஆளா, நூறு ஆளா? கண்ணால பாத்துச் சொல்லவே முடியாது, அதனால தலையை எண்ணாம சதுர செ.மீ. கணக்குலதான் அளக்குறாங்க.

ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் இவ்ளோ இடைவெளி எப்படி வந்துச்சுன்னா பனியுகத்துக்குப் போகணும். அப்போ இந்தப் பக்கம் முழுக்க குளிரு, ஸ்ப்ரூஸ் ஃபர் காடு கீழ வரைக்கும் பரவியிருந்துச்சு. சூடு ஏற ஏற காடு மலை மேல ஏறி ஏறி கடைசியில உச்சிங்கள்ல மட்டும் தங்கிடுச்சு. கீழ எல்லாம் ஓக் காடு, மேல மட்டும் கனடா மாதிரி ஒரு காடு, தீவு தீவா. லைக்கனும் அந்தத் தீவுங்கள்ல மாட்டிக்கிச்சு. இனி சூடு ஏறினா ஏறிப் போக மேல ஒண்ணும் இல்ல, உச்சி முடிஞ்சு வானம்தான். ஆலனும் ஜேம்ஸ் லெண்டமரும் 2016ல இந்த மலைங்களோட உயரப் பகுதி லைக்கன்ங்களுக்கு எதிர்காலத்துல எவ்ளோ இடம் மிஞ்சும்னு மாடல் போட்டுப் பாத்தாங்க, இப்போ ஒத்து வர்ற இடத்துல பெரும்பகுதி போயிடும்னு வருது. இந்தப் பேப்பரை ராத்திரி படிச்சிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 16, சனி

பாத்தாச்சு!

தாவரக் கணக்கெடுப்பு பண்ற ஒரு அம்மா, ரிட்டயர் ஆகுற வயசு, லைக்கன் வகுப்புல பழக்கம். வருஷா வருஷம் பாக்குற ஒரு இடத்துக்குப் போறேன், கூட ஒரு ஆள் வேணும், அளவு சொல்ல சொல்ல எழுதணும், வர்றியான்னு மெசேஜ் பண்ணாங்க. ரெண்டு கண்டிஷன். ஃபோன்ல லொகேஷன் ஆஃப். அவங்க கால் வெச்ச இடத்துலதான் நானும் கால் வெக்கணும். சரின்னுட்டேன், வீட்டுக்காரர்தான் "வீட்டுல ஒரு பேச்சு கூட கேக்க மாட்ட, அங்க மட்டும் எப்படி"ன்னார்.

காலையில மேகம் இறங்கியே இருந்துச்சு. ரோடோடென்ட்ரான் புதருக்குள்ள குனிஞ்சு நடந்து, ஒரு வடக்குப் பாத்த பாறைக்கு அடியில வந்து நின்னோம். செங்குத்து. மேல ஃபர் மரம் ரெண்டு உயிரோட, ஒண்ணு செத்தது. பாறை முழுக்க ஈரம் இல்ல, மேல மண்ணுல இருந்து வழிஞ்ச தண்ணி ஓடின தடம் மட்டும் கருப்புக் கோடு கோடா இறங்குது. அது ஓயாம ஓடுற தண்ணி இல்ல, நல்லா மழை பெஞ்சாத்தான் வழியும், மத்த நேரம் வெறும் தடம். அந்தக் கோட்டு ஓரத்துல கருப்பும் சிவப்பும் கலந்த, குட்டிக் குட்டி மெத்தையா ஒரு பாசி, ஆண்ட்ரியேயா. லைக்கனுக்குள்ள இருக்குற பாசி இல்ல இது, மாஸ்னு சொல்ற வேற வகை. அவங்க விரலை நீட்டி, தொடாம, "இதைத் தேடு, இது இருந்தா அது பக்கத்துல இருக்கும்"னாங்க. கிட்டத்தட்ட எப்பவும் இது ரெண்டும் சேந்தேதான் இருக்குமாம். எனக்கு மொதல்ல வெறும் சாம்பல் நெறத் தூசியாத்தான் தெரிஞ்சுது.

பத்து மடங்கு லென்ஸைக் கண்ணுல ஒட்டி மூஞ்சியைப் பாறைகிட்ட கொண்டு போனேன், மூச்சு பட்டு லென்ஸ் மங்கிடுச்சு, தொடச்சுட்டு மறுபடி. அப்புறம் தெரிஞ்சுது. பட்டை பட்டையா, ஒண்ணு மேல ஒண்ணு, எல்லாம் கீழ்ப்பக்கம் பாத்துப் படுத்து, நுனியில மட்டும் வெயில்ல காயுற வடகத்து ஓரம் மாதிரி வெளிய சுருண்டு நிமிந்திருக்கு. சுருண்ட இடத்துல அடிப்பக்க வெள்ளை தெரியுது, அவ்ளோ வெள்ளையை நான் எதிர்பாக்கல, ஃபோட்டோல வராத பளபளப்பு. சிலது ரெண்டா பிரிஞ்சிருக்கு, சிலது பிரியவே இல்ல. அடியைப் பாக்க ஒரு பக்கமா சாஞ்சு பாக்க வேண்டியிருந்துச்சு, சாம்பல் மங்கி மங்கி பாறைகிட்ட போறப்ப கருகின திரியாட்டம் இல்ல, சுத்தமான மைக்கருப்பு. கிளாடோனியா இல்ல, சந்தேகமே இல்ல.

ஒரு ஓரத்துல இருந்த கொத்துல மட்டும் நுனியில கருப்புக் குமிழ், சிலதுல ஒண்ணு, சிலதுல மூணு நாலு ஒட்டிக்கிட்டு, ஈரத்துல மினுங்குது. அவங்களைக் கூப்பிட்டேன். "எழுதிக்கோ, வித்து இருக்கு"ன்னு சாதாரணமாத்தான் சொன்னாங்க, ஆனா அவங்களும் லென்ஸை எடுத்து ரொம்ப நேரம் பாத்தாங்க.

அளக்குறது சலிப்பான வேலை. ஒவ்வொரு திட்டுக்கும் நீளம், அகலம், ஓரத்துல வெளுத்திருக்கா, பக்கத்துப் பாசி மேல ஏறுதா, மேல நிழல் எவ்ளோ, பழைய ஃபோட்டோல இருந்த அதே கோணத்துல புது ஃபோட்டோ. கை நடுங்கி என் எழுத்து எனக்கே புரியல. செத்த ஃபர் நிக்கிற பக்கம் ஒரு திட்டோட மேல் ஓரம் பழுப்பா, நொறுங்குற மாதிரி இருந்துச்சு, போன ஃபோட்டோல அங்க சாம்பல். வெயில் விழுற கோட்டை அந்த ஓரம் அப்படியே வரைஞ்சு காட்டுது. கீழ்ப்பாதி நல்லாத்தான் இருக்கு.

திரும்பி நடக்கும்போது, மரம் செத்தா அதுக்குப் பதிலா ஒரு நிழல்வலை கட்டினா என்னன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "காத்து? ஐஸ்? யார் வருஷா வருஷம் போய் கட்டுவா?"

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முட்டி வலி. நேத்தைய ஷீட்டை டைப் பண்ணி அனுப்பிட்டேன்.

பாறையில இருந்து கொஞ்சம் எடுத்து வேற பாறையில நட்டா வளருமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. இதே மலைங்கள்ல இருக்குற வேற மூணு அரிய லைக்கன்ல இடம் மாத்தி ஒட்டுற முறைங்களைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க, 2017ல அது வந்துச்சு. முறை கண்டுபிடிக்கிறது தேவைதான், நான் மறுக்கல. ஆனா நட எடுத்துட்டுப் போற பாறைக்கு மேலயும் ஃபர் மரம் இருக்கணும், மேகம் வரணும், மேல மண்ணு கசியணும். அப்படி எல்லாம் சரியா இருந்தும் இது இல்லாத பாறை எத்தனை மிச்சம்னு பாத்தா, வேலை மறுபடி காட்டுக்குத்தான் திரும்புது. லைக்கனுக்குச் செலவு பண்றதுன்னா என் கணக்குல அது ஃபர் மரத்துக்குப் பண்ற செலவு. லைக்கன் மீட்புத் திட்டம்னு 1997ல போட்டதுலயும் இடத்தைக் காப்பாத்துறதுதான் மெயின், லைக்கனுக்குன்னு தனி வைத்தியம் ஒண்ணும் கிடையாது.

செப்டம்பர் 6, சனி

ராக் நோம் உச்சிங்கள்ல மட்டும்தான்னு நெனச்சுடக் கூடாது. கீழ ஆழமான ஆத்துப் பள்ளத்தாக்குங்கள்லயும் இருக்கு, வெயில் எட்டாத, அருவித் தூவானமும் குளிர்ச்சியும் தங்குற இடுக்குங்கள்ல, சில பாறையில. அங்க மூடுபனி வேலையை ஆறு பாத்துக்குது, ஃபர் வேலையை ஹெம்லாக் மரம் பாத்துக்குது.

அந்த ஹெம்லாக்கையும் ஒரு அடெல்ஜிட் புடிச்சிருக்கு! சொந்தக்காரப் பூச்சிதான், ஆனா இது ஜப்பான்ல இருந்து வந்தது, 1951ல வர்ஜீனியா ரிச்மண்ட் பக்கம் மொதல்ல பாத்தாங்க, 2002ல ஸ்மோக்கிக்கு வந்துடுச்சு. ஒரே லைக்கனோட ரெண்டு விதமான வீட்டுக்கும் கூரை வேற வேற மரம், ரெண்டு கூரையையும் பிரிக்கிறது ஒரே குடும்பத்துப் பூச்சி. இதை யாராவது கதையில எழுதினா நம்ப மாட்டோம்.

ஒரு நல்ல விஷயம், ஹெம்லாக்குக்கு மருந்து உண்டு. இமிடாக்ளோப்ரிட்னு, மரத்தடி மண்ணுல ஊத்தினா வேர் வழியா ஏறி பூச்சியைக் கொல்லும், பல வருஷம் தாங்கும். ஆத்து ஓரத்துல அளவு பாத்து ஊத்தணும், தண்ணிக்குள்ள போனா அங்க இருக்குற பூச்சிங்களும் காலி. லாரிகோபியஸ்னு ஒரு வண்டையும் விட்டிருக்காங்க, அது அடெல்ஜிட்டைத் தின்னும். மரத்துக்கு மருந்து ஊத்தினா தண்டுல பெயின்ட்ல ஒரு புள்ளியோ இல்ல தகரத் துண்டு ஒண்ணோ அடையாளம் போடுவாங்க.

இன்னிக்கி அப்படி ஒரு பள்ளத்தாக்குல, எல்லாரும் போற ட்ரெயில்லயே நடந்தோம். பாறைப் பக்கம் போகல, மரத்தை மட்டும் பாத்துட்டு வந்தேன். ஆத்தோரம் பெரிய ஹெம்லாக்ல எல்லாம் அடையாளம் இருக்கு. பாறைக்கு நேர் மேல சரிவுல நிக்கிறதுல கீழ இருந்து பாத்த வரைக்கும் ஒண்ணுலயும் இல்ல, ஊசி இலை அடியில வெள்ளைப் பஞ்சு மட்டும் பைனாகுலர்லயே தெரியுது. ஏறி ஊத்துறது கஷ்டம்னு விட்டிருக்கலாம், இல்ல பட்டியல்ல அடுத்த வருஷத்துக்கு இருக்கலாம். அந்த அம்மாகிட்ட எந்த மரம் எந்த மரம்னு ஃபோட்டோல வட்டம் போட்டு அனுப்பியிருக்கேன். அவங்களுக்குக் காட்டுத்துறையில ஆள் தெரியும், திங்கக்கிழமை பேசுறேன்னு சொல்லியிருக்காங்க.